எருமைக்கும் வெள்ளைப் பட்டுக்கும் நடுவே ஒரு மீட்டர்

ஒரு கருவி பொய் சொல்கிறது என்று தீர்ப்பளிக்கும் முன், அதை எதன் எதிரே நிறுத்திக் கேள்வி கேட்டோம் என்று யோசிக்க வேண்டாமா? இந்தக் கேள்வி எனக்கு எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், சின்ன காஞ்சிபுரத்தில், ஓர் எருமையின் முதுகிலிருந்து வந்தது.

அப்போது நான் பொருளாதாரத்தில் பட்டம் பெற்று, வேலைக்குக் காத்துக்கொண்டு, எங்கள் தெருப் படிப்பகத்தின் செயலாளராக இருந்தேன். வேலை கிடைக்காத பட்டதாரிக்குத் தெருவே ஒரு வேலையைக் கொடுத்துவிடும். அது மனு எழுதுவது. குழாய்த் தண்ணீர், தெருவிளக்கு, அடைத்துக்கொண்ட கால்வாய் என எல்லாமே என் கையெழுத்தில்தான் நகராட்சிக்குப் போயின. மனு எழுதுவதற்கு முன் ஒரு தாளை நடுவில் கோடிட்டுப் பிரித்து, இதனால் யாருக்கு நன்மை, யாருக்கு இடைஞ்சல் என்று எழுதிப் பார்ப்பது என் வழக்கம். இடைஞ்சல் பக்கம் நீண்டுபோய், அனுப்பாமலே விட்ட மனுக்களும் உண்டு. கால்வாய் மனு அவற்றில் ஒன்று.

இடைஞ்சல் பக்கத்தில் ஒரு வரிகூட எழுத முடியாமல் போன ஒரே மனு, எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளியிருந்த ஓர் அக்காவினுடையது. அவருடைய கணவர் நல்ல நெசவாளர். பார வண்டி ஒன்று சாய்ந்ததில் வலது தோள் நொறுங்கி, கை மேலே எழும்பாமல் போயிற்று. அதன் பிறகு இரண்டு ஆண்டுகளாகத் தறிக்குழியில் இறங்கிப் புடவை நெய்தவர் அக்காதான். கணவர் இடது கையால் ராட்டை சுற்றி, குறுக்கிழையை ஓட்டும் நாடாவுக்குள் வைக்கும் தார்களில் பட்டு நூலை ஏற்றித் தருவார். ஆனால் பட்டும் சரிகையும் கணவர் பெயரில் இருந்த உறுப்பினர் எண்ணுக்குத்தான் நெசவாளர் சங்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தன. அவர் நெய்வதில்லை என்பது தெரிந்ததும், எண்ணை நீக்கப்போவதாகச் சங்கம் கடிதம் அனுப்பியது. எண் போனால் பட்டு வராது. பட்டு வராவிட்டால் தறி நிற்கும். தறி நின்றால் அந்த வீட்டில் அடுப்பும் நிற்கும்.

உறுப்பினர் உரிமையை அக்கா பெயருக்கு மாற்றக் கோரி மூன்று பக்க மனு எழுதிக்கொண்டு சங்கத் தலைவரிடம் போனேன். அவரும் ஒரு காலத்தில் தறியில் உட்கார்ந்தவர்தான். மனுவின் கடைசி வரியை மட்டும் படித்தார்.

"பொம்பளைங்க தார் சுத்துவாங்க. பாவு போடறப்ப கூடமாட நிப்பாங்க. குழியில எறங்கி முழுப் புடவை நெய்யறாங்கன்னு யாருப்பா பாத்தது?"

"நீங்களே ஒரு நடை வந்து பார்க்கலாம் ஐயா."

"நானா? ஒரு வீட்டுப் பொம்பள குழியில கால உட்டுக்கினு உக்காந்திருக்கறத நான் போயி எட்டிப் பாக்கணுமா? நாளைக்கு நான் தெருவுல நடக்கறதா வாணாவா?"

நெய்வதற்கு ஆதாரம் வேண்டும், ஆனால் பார்க்க வரமாட்டார். அவருடைய மரியாதையைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பார்க்காமல் பார்ப்பதற்கு ஒரு வழி நிழற்படம் என்று எனக்குத் தோன்றியது. தலைவரும், "போட்டோவா? கொண்டா, கமிட்டியில வெப்போம்" என்று ஒப்புக்கொண்டார்.

என்னிடம் ஒரு காமிரா இருந்தது. பினாங்கிலிருந்து திரும்பிய என் சித்தப்பா, ஃபிலிம் கிடைப்பது பெரும் பாடாக இருக்கிறதென்று என்னிடம் தள்ளிவிட்ட பழைய கருவி அது. அதன் நெற்றியில் தேன்கூடு போன்ற ஒரு கண்ணாடிச் சில்லு. அதன் மேல் ஒளி பட்டால் மேலே இருக்கும் முள் அசைந்து, ஒளி நுழையும் துளையை எந்த எண்ணில் திறக்க வேண்டும் என்று காட்டும். அதுதான் மீட்டர். எண் கூடக் கூடத் துளை சிறிது என்பது அதன் இலக்கணம்.

கடைத்தெரு ஸ்டூடியோக்காரரிடம் ஆலோசனை கேட்டேன். அவர் மீட்டர் என்ற ஒன்றை மதிப்பதில்லை.

"பி.ஏ. சார், எனக்கு மீட்டர் என் கண்ணுதான். ஒண்ணு பண்ணுங்க. தறியக் கழட்டி ஸ்டூடியோவுக்கு எடுத்தாந்துடுங்க. பின்னாடி ஊட்டி சீன் தொங்குது. பிரமாதமா இருக்கும்."

"பளிச்சென்று எரியும் பல்பு போட்டு வீட்டிலேயே எடுத்தால்?"

"எடுக்கலாம். வெடிக்காம இருந்தா."

அன்று தாளைக் கோடிட்டுப் பிரித்தேன். மூன்று வாரம் நெய்த கல்யாணப் புடவையின் மேல் ஒரு பல்பு வெடித்தால் ஏற்படும் இடைஞ்சலை எழுத அந்தப் பக்கம் போதவில்லை. இருக்கிற வெளிச்சத்தில் எடுப்பது என்று முடிவாயிற்று.

தறி இருந்த கூடத்தில் ஒரே வெளிச்சம், கூரையில் பதித்த கண்ணாடி ஓடு. அது துணியின் மேல் நேராக விழும்படி பதிக்கப்பட்டது. நெய்பவர் முகத்துக்கு அங்கே யாரும் ஓடு பதிப்பதில்லை. அக்கா முகத்துக்குப் பவுடர் போட்டு, தலைநிறையப் பூவைத்துக் குழியில் இறங்கினார். நான் வாசற்படியிலிருந்து மீட்டரைத் தறியை நோக்கிப் பிடித்தேன். கரை முழுவதும் சரிகை. முள் உற்சாகமாக எழுந்து எட்டில் நின்றது. அந்த உற்சாகத்தை நான் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன். "அசையாமல் காமிராவைப் பாருங்கள் அக்கா" என்றேன். அவர் மூச்சைக்கூட நிறுத்திக்கொண்டார். காமிராவை வாசல் நிலையில் அழுத்திக்கொண்டு, எட்டில் கால் நொடி. எடுத்தாயிற்று.

கமிட்டி அறையில் ஐந்து இயக்குநர்கள் அந்தப் படத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். கரையில் ஒவ்வொரு சரிகை இழையும் எண்ணும்படி விழுந்திருந்தது.

"புடவை இருக்குது" என்றார் தலைவர். "தறி இருக்குது. நெய்யறவங்க எங்கபா?"

"இதோ ஐயா. இந்தக் கருப்பாக இருப்பது."

"அது தூணுன்னு இல்ல நெனச்சேன்."

"தூணுக்குப் பூ வெச்சிருக்குது பாருங்க" என்றார் பக்கத்தில் இருந்தவர். உண்மைதான். மல்லிகை மட்டும் ஒரு சிறு வெண்பிறை போலத் தனியாக மிதந்தது.

"தம்பி தானா நெய்யற தறி கண்டுபுடிச்சிருக்காரு" என்றார் மூன்றாமவர். "இதுக்கு மெம்பர் கார்டு தறி பேர்ல குடுத்துடலாம்."

அடுத்த மாதக் கூட்டம் வரை தவணை கொடுத்தார்கள். அதற்குள் சரியான படம் வராவிட்டால் எண் நீக்கப்படும். ஸ்டூடியோக்காரரிடம் ஓடி, அச்சில் வெளிச்சத்தைக் கூட்டித் தரச் சொன்னேன். கருப்புத் தூண் சாம்பல் தூண் ஆனது. அவ்வளவுதான் முன்னேற்றம்.

அக்காவின் வீட்டைத் தலைகுனிந்து கடக்கப் பார்த்தேன். அவர் என்னை விடவில்லை.

"என்னதான் சொன்னாங்க, சொல்லுங்க."

"தூண் என்று நினைத்துவிட்டார்களாம்."

"ரெண்டு வருஷமா முட்டி தேய நெய்யறேன். தூணா?" படத்தை வாங்கிப் பார்த்தார். "பவுடர் வேற போட்டேன். அதுவும் தெண்டம்."

குற்றம் மீட்டருடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கடல் கடந்து வந்த பழைய பொருள். உப்புக் காற்றில் புத்தி பேதலித்திருக்கும். எவ்வளவு பிசகு என்று அளந்துவிட்டால், அடுத்த முறை அந்த அளவுக்குத் திருத்திக்கொள்ளலாம். ஃபிலிம் பெட்டிக்குள் இருந்த தாளில் ஒரு விதி இருந்தது. நல்ல வெயிலில், காமிராவின் மூடி குறிப்பிட்ட வேகத்தில் திறந்து மூடினால், துளை எண் பதினாறு. ஆகவே நல்ல வெயிலில் மீட்டரும் பதினாறு சொல்ல வேண்டும். வேறு எண் சொன்னால் அதுவே பிசகின் அளவு. எளிய சோதனை.

ஒரு நாள் காலை பத்து மணிக்குக் கோயில் மதிலோரக் காலியிடத்துக்குப் போனேன். அங்கேதான் எங்கள் சாயக்காரர் மூங்கில் கழிகளில் பட்டு காயப்போடுவார். எங்கள் ஊரில் நிறத்தைப் பற்றி எந்தத் தகராறு வந்தாலும் வழக்கு அவரிடம்தான் போகும். அவர் சாயம் ஏற்றாத, வெளுத்த வெள்ளைப் பட்டுநூல் கட்டான சிட்டம் ஒன்றை எடுத்து, தகராறுக்குரிய பட்டின் பக்கத்தில் வெயிலில் பிடித்துத் தீர்ப்புச் சொல்வார். அதற்கு மேல் முறையீடு கிடையாது. மீட்டரைச் சோதிக்க வந்திருக்கிறேன் என்றதும் அவர் சிட்டத்தை எடுத்துவிட்டார்.

"அளவுன்னா வெள்ளையிலதான் தொடங்கணும் தம்பி. வெள்ளைய வெள்ளன்னு சொல்லாத மீட்டரு எதுக்கு?"

இதில் எனக்குப் பிழையே தெரியவில்லை. இந்த ஊரில் பிறந்தவன் எவனுக்கும் தெரிந்திருக்காது. வெயிலில் வெள்ளிபோல மின்னிய சிட்டத்தின் எதிரே மீட்டரைப் பிடித்தேன். முள் பதினாறைத் தாண்டி, இருபத்திரண்டைத் தாண்டி, ஓரத்தில் முப்பத்திரண்டில் போய் முட்டிக்கொண்டது.

"பாத்தியா, ஏத்திச் சொல்லுது" என்றார் சாயக்காரர்.

இரண்டு படி கூடுதல். ஒரு படிக்கு வெளிச்சம் இரு மடங்கு. இருக்கிற வெளிச்சத்தை நான்கு மடங்கு என்று சொல்கிறது. அதனால்தான் துளையைக் குறுக்கச் சொல்லி அக்காவைத் தூணாக்கியிருக்கிறது. எல்லாம் பொருந்திவந்தது. குறிப்பேட்டில் எழுதிக் கீழே கோடும் போட்டேன். அப்போதுதான் அக்கா வந்து சேர்ந்தார். தன் வழக்கு விசாரணைக்கு வந்தது என்று கேள்விப்பட்டு வந்தவர்போல, சற்றுத் தள்ளி நின்றார்.

ஒரு சாட்சியை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளி ஆக்கக்கூடாது என்பது என் கொள்கை. கருவிக்கும் அது பொருந்தும். வெள்ளைக்கு மாறான ஒரு பொருளிலும் சோதித்துவிடலாம் என்று சுற்றிலும் பார்த்தேன். மதிலருகே ஓர் எருமை கட்டியிருந்தது. எருமைக்காரரிடம் அனுமதி கேட்டேன்.

"கறவை மாடுபா" என்றார் அவர். "போட்டோ புடிச்சி கண்ணு பட்டு பால் நின்னுச்சின்னா, நீ கறப்பியா?"

"படம் எடுக்கவில்லை. காமிராவில் ஃபிலிமே இல்லை."

"ஃபிலிம் இல்லாமயா என் மாட்டப் புடிக்கற?" அவருக்கு அது இன்னும் சந்தேகமாகப் பட்டது. "படிச்சவங்களுக்கு வேலை குடுக்கலன்னா இப்பிடித்தான் ஆவும்."

அக்கா குறுக்கிட்டார். "உடுங்கண்ணா. என் சோத்துக்குத்தான் உங்க மாட்ட அளக்குறாரு. முதுகுதானே, தேஞ்சா போயிடும்?"

அனுமதி கிடைத்தது. எருமையின் முதுகுக்கு ஒரு முழத்தில் மீட்டரைப் பிடித்தேன். முள் சோர்ந்து விழுந்து எட்டில் நின்றது. அதாவது இப்போது இரண்டு படி குறைவு. ஒரே இடம், ஒரே நிமிடம், ஒரே சூரியன். பட்டின் மேல் விழுந்த வெயிலும் எருமையின் மேல் விழுந்த வெயிலும் வேறு வேறு என்று எந்தப் பாடநூலிலும் இல்லை. ஏற்றிச் சொல்லும் கருவியைத் திருத்தலாம். இறக்கிச் சொல்லும் கருவியையும் திருத்தலாம். ஆளைப் பார்த்துச் சொல்லும் கருவியை என்ன செய்வது? கோடு போட்ட வரியை அடித்தேன்.

"மீட்டர்ல ஒண்ணும் இல்ல" என்றார் சாயக்காரர். "எருமைலதான் ஏதோ கோளாறு."

"உன் பட்டுல பாரு கோளாற" என்றார் எருமைக்காரர்.

அவர்கள் இருவரும் அதைத் தீர்த்துக்கொள்ளட்டும் என்று நான் திரும்பியபோது, மீட்டர் தற்செயலாகக் கோயில் மதிலை நோக்கியது. கிழக்கு வெயில் நேராக விழும் பழைய கருங்கல் மதில். வெளுப்பும் இல்லை, கருப்பும் இல்லை. முள் பதினாறில் நின்றது. நான் கிட்டே போனேன், எட்டிப் போனேன், வேறு கல்லைப் பார்த்தேன். பதினாறு, பதினாறு, பதினாறு. குறிப்பேட்டைப் பார்த்தபடி என்னையறியாமல் மூன்றையும் உரக்கப் படித்துவிட்டேன் போலும்.

"பாவம், அதுக்கு எல்லாமே மதிலுதான்" என்றார் அக்கா. "பட்டக் காட்டினாலும் மதிலுன்னு நெனச்சிக்குது, எருமயக் காட்டினாலும் மதிலுன்னு நெனச்சிக்குது. நம்ம தலைவருக்குப் பொம்பளன்னா எல்லாருமே தார் சுத்தறவங்கதான, அது மாதிரி."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் குறிப்பேட்டை மூடிவிட்டேன். விஷயம் அதுவேதான். மீட்டர் எந்தப் பொருளையும் அறியாது. எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டு, அதற்கேற்ற துளையைச் சொல்கிறது. அந்த எல்லைக்குள் அது ஒரு பிசகும் செய்யவில்லை. நான்தான் சரிகையிடம் கொண்டுபோய், அக்கா எப்படித் தெரிவார் என்று கேட்டிருந்தேன். சரிகை தன்னைப் பற்றிச் சொன்னது.

"அப்ப என் வெள்ளைப் பட்டு அதுல எப்பிடி விழும்?" என்று சாயக்காரர் கவலையுடன் கேட்டார்.

"மீட்டர் சொன்னபடி எடுத்தால் மதில் நிறத்தில் விழும்."

"இத வெளிய சொல்லாத தம்பி. தொழில் போயிடும்."

தீர்வு எளிதாக இருந்தது, நடைமுறைதான் கடினம். மீட்டரை அக்காவின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடிக்க வேண்டும். மணமாகாத இளைஞன் ஒருவன், தறிக்குழியில் அமர்ந்திருக்கும் மணமான பெண்ணின் முகத்தருகே குனிந்து முள்ளைப் படிப்பதன் விளைவுகளை எழுத நான் தாளை எடுத்தபோது, ராட்டையின் பின்னாலிருந்து அவருடைய கணவர் எழுந்து வந்தார்.

"குடுங்க தம்பி. முள்ளு எங்க நிக்குதுன்னு சொல்லணும், அவ்ளோதான?"

இடது கையில் காமிராவைப் பிடித்து மனைவியின் முகத்தருகே கொண்டுபோனார். அக்கா சிரித்துவிட்டார்.

"சிரிக்காத. முள்ளு ஆடுது."

"நான் சிரிச்சா முள்ளு ஏன் ஆடுது? உங்க கைதான் ஆடுது."

"ரெண்டு, புள்ளி, எட்டு" என்று அவர் படித்தார். பிறகு மறுபடி ஒரு முறை படித்தார். தறி வேலையில் மீண்டும் ஓர் அளவைத் தன் வாயால் சொல்வதில் அவருக்கு ஏதோ நிறைவு இருந்தது, நான் அவசரப்படுத்தவில்லை.

புடவையைப் பார்த்து எட்டு என்ற கருவி, முகத்தைப் பார்த்து இரண்டு புள்ளி எட்டு என்றது. மூன்று படி, எட்டு மடங்கு வெளிச்சம். முக்காலியின் மேல் அண்டாவைக் கவிழ்த்து, அதன் மேல் காமிராவை அசையாமல் வைத்தேன். இனி அக்கா அசையாமல் இருக்க வேண்டும்.

"மாட்டேன்" என்றார் அவர். "போன வாட்டி அசையாம உக்காந்தேன், தூணுன்னாங்க. இந்த வாட்டி நான் பாட்டுக்கு நெய்வேன். நீங்க பாட்டுக்குப் புடிச்சிக்குங்க."

மெதுவான வேகத்தில் கை கலைந்துபோகும் என்று விளக்கினேன். அவர் நாடாவை எறிய ஆரம்பித்துவிட்டார். வேறு வழியின்றி ஆறு படங்கள் எடுத்தேன். பவுடர் இல்லை, பூ இல்லை.

படங்கள் வந்தன. முகம் தெளிவாக விழுந்திருந்தது. நெற்றி வியர்வைகூடத் தெரிந்தது. ஆனால் சரிகைக் கரை முழுவதும் வெளுத்துச் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகியிருந்தது. நாடாவை எறிந்த கை ஆறிலும் புகைபோலக் கலைந்திருந்தது. நான் இரவலாகக் கிடைத்த தட்டச்சுப் பொறியில் இரண்டு பக்க விளக்கக் குறிப்பு அடித்தேன்: ஒரே படத்தில் சரிகையும் முகமும் சேர்ந்து விழாததன் காரணம், நடுத்தரச் சாம்பல் நிறத்தின் தன்மை, கை கலைந்ததற்கு வருத்தம். எருமையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது.

கூட்டத்தில் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கம் பக்கமாக வைத்தேன்.

"போன மாசம் புடவை இருந்தது, ஆள் இல்ல" என்றார் தலைவர். "இப்ப ஆள் இருக்குது, புடவையக் காணோம்."

"இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் ஐயா. குறிப்பில் இரண்டாம் பக்கத்தில்..."

"இருப்பா." அவர் என் குறிப்பை எடுத்து மேசையில் ஈக்களை விரட்டினார். படத்தைச் சன்னலுக்குக் கொண்டுபோனார். தறியில் உட்கார்ந்த மனிதர் எதையும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த்தான் பார்ப்பார். பக்கத்து இயக்குநரைக் கூப்பிட்டார்.

"கையப் பாருய்யா."

"கலஞ்சி கெடக்குது."

நான் வருத்தம் தெரிவிக்க வாயெடுத்தேன்.

"கலையல. ஓடுது" என்றார் தலைவர். "சும்மா நாடாவக் கையில குடுத்து உக்கார வெச்சா கை இப்பிடி ஓடாது. கண்ண பாத்தியா? போட்டோ புடிக்கறான்னா நீ எங்க பாப்ப? காமிராவத்தான பாப்ப? இந்தம்மா கரையப் பாக்குது. நாடா வந்து சேருதான்னு கரையப் பாக்குது."

மற்ற நால்வரும் எழுந்து வந்து பார்த்தார்கள். அவர்களில் மூவர் நெசவாளர்கள். ஒருவர், தன்னை அறியாமல், வலது கையைச் சற்று உயர்த்தி அந்த வீச்சைக் காற்றில் செய்துபார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

"நெய்யறாங்கபா" என்றார் தலைவர், எழுத்தரிடம். "எழுதிக்க."

அந்த வாரமே உறுப்பினர் அட்டை அக்காவின் பெயரில் வந்தது, தறி நிற்கவில்லை. அடுத்த ஆண்டில் எங்கள் தெருக்களிலிருந்து மேலும் நான்கு பெண்கள் விண்ணப்பித்தார்கள். சங்கம் அவர்களிடம் நிழற்படம் கேட்கவில்லை. இரண்டு இயக்குநர்கள் பகலில், வீட்டுக்காரர்களுக்குச் சொல்லிவிட்டுப் போய், தறியருகே நின்று பார்த்து எழுதிக்கொண்டார்கள். தலைவரும் ஒரு வீட்டுக்குப் போனார்.